பருக்கையில் ஒட்டிய சொற்கள்

ஏஜென்ட் தந்த ஜெராக்ஸ் தாளைக் கத்தரித்துச்
சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம்.
குடத்தில் வோதா,
வெங்காயக் கூடையில் செபுலா.
கதவில் ஒட்டியது மட்டும்
கடலூர் முதுநகர்க் காற்றுக்கு
அன்றிரவே விழுந்துவிட்டது.

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் தனசீலன்
சட்டையில் வெல்டிங் புகையோடு
பாடத்துக்கு உட்காருவான்.
‘தாக்’ என்றால் ஆமாம்.
பேச்சு வாக்கில் ‘நோ’ என்றாலும் ஆமாம்தானாம்.
நாலு நாள் அதற்கே சண்டை:
போதுமா என்றால் ‘நோ’ என்பான்,
நான் இன்னொரு கரண்டி போடுவேன்.

அவன் போகிற ஊர் வூச்.
வூச் என்றால் படகு.
கடல் எவ்வளவு தூரம் என்றேன்.
மொபைலில் தேடிவிட்டு
முந்நூறு கிலோமீட்டர் என்றான்;
இருக்கிற ஆறும்
தரைக்கடியில்தான் ஓடுகிறதாம்.
துறைமுகத்தில் ஒரு விசைப்படகு
இருமி அடங்கியது.

மீன் ரிபா. மனைவி ஜோனா.
கணவனுக்கான சொல் உதட்டில் தொடங்கி
மூக்குக்குள் போய் மாட்டிக்கொள்கிறது.
பேர் சொல்லியே கூப்பிடுகிறேன், விடு.

நேற்று
குழம்பை நக்கிப் பார்த்து
‘சூல் பத்தல’ என்றான்.
அந்த ஊரில் அது உப்பு.
கரண்டி என் கையிலேயே நின்றது.
பதினோரு நாள் தள்ளிப்போயிருக்கிறது.
விசா வரட்டும், சொல்லலாம் என்றிருந்தேன்.

‘தப்பா சொல்லிட்டனா?’
‘நோ.’
‘எந்த நோ?’

ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினேன்,
சீட்டு அவனைப் பார்க்கும்படி.