பஞ்சுக் குச்சி

வெள்ளிக்கிழமைதோறும் சீனக்கடையில்
இரண்டு வெள்ளி நாற்பது காசுக்கு
ஒரு டப்பி பஞ்சுக் குச்சி.
வாரம் இருநூறு குச்சிக்கு
உன் வீட்டில் எத்தனை காது என்று
கடைக்காரி மலாயில் கேட்டாள் ஒருநாள்.
சிரித்துவைத்தேன்.

குளியலறையில் முக்காலி.
கவிநேஷ் குனிந்து உட்கார்வான்.
உச்சியிலிருந்து பிடரி வரைக்கும்
தோல் தடித்து, தடித்தது மடிந்து,
மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில்
சுண்டுவிரல் பதிகிற பள்ளம்.
வியர்வை அங்கேதான் தங்கும்.
தங்கினால் நாறும்.
நாறினால் வகுப்பில்
பக்கத்து நாற்காலி தானாக நகரும்.
ஒரு பள்ளத்துக்கு நான்கு குச்சி.
காய்ந்த துணியால் ஒற்றி, பிறகு மருந்து.

ஈப்போவில் தோல் டாக்டர்
நீளமான பெயர் ஒன்றைச் சொன்னார்.
எழுதித் தாருங்கள் என்றேன்.
அபூர்வம் என்றார், எழுந்து போய்
ஐந்து மாணவர்களைக் கூட்டி வந்தார்.
ஐந்து பேரும் அவன் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.
கையுறைப் பெட்டியில் எங்கள் தொழிற்சாலையின் பெயர்.
"நான் அடுக்கினதா இருக்கும்டா" என்றேன் காதோடு.
அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது, சுங்கை சிப்புட்டுக்கு முன்னால்,
செம்பனை மறுநடவுக்கு
மொட்டையடித்துப் படிபடியாக வெட்டிய குன்று.
பேருந்துக் கண்ணாடியில் விரல் வைத்து
"என் மண்டை" என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திங்களன்று பள்ளியில் முடிச் சோதனை.
கட்டொழுங்கு ஆசிரியர்
டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.
இவன் மட்டும் முடி வளர்க்கலாம் என்றார்,
வரிசை முழுக்கக் கேட்கும்படி.

அன்று மாலையே
செல்லத்துரை கடை நாற்காலியில் ஏறி
ஒன்றாம் நம்பர் மெஷின் போடச் சொல்லியிருக்கிறான்.
செல்லத்துரை மெஷினை அணைத்துவிட்டு
எனக்கு அழைத்தார்: "அக்கா, எடுக்கவா?"
வாசலில் இரவு வேலை வேன் ஹாரன் அடிக்கிறது.
போனின் அந்தப் பக்கம்
மின்விசிறி, தமிழ் வானொலி,
இவன் மூச்சு.
"மெதுவா எடுங்க. பள்ளத்துல மெஷின அழுத்தாதீங்க."

இப்போது எல்லாருக்கும் தெரியும்.
பேருந்து நிலையத்தில் சிலர் பார்க்கிறார்கள்,
சிலர் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்படுகிறார்கள்.
ஒரு சின்னப் பெண் வலிக்குமா என்று கேட்டாள்.
வலிக்காது, அரிக்கும் என்றான்.

கடைக்காரி
நான் கேட்குமுன்பே டப்பியை எடுத்து வைக்கிறாள்.
நாற்பது காசு வேண்டாம் என்கிறாள்.
எண்ணி வைத்துவிட்டு வருகிறேன்.