சாவித்துவாரம்

புதிய கேமரா இருட்டில் பார்க்குமாம்.
கடை ஷட்டரைப் பாதி இறக்கி
விளக்கணைத்துக் காட்டினான் ஒதார்.
திரையில் அவன் தாடி மயிரை எண்ணிவிடலாம்.
விலை, என் வீட்டு வாடகையில்
பதினான்கு மாதம்.

என்னிடமிருப்பது எட்டு வயதுக் கிழம்.
வலது மேல் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி
எந்தக் காட்சியிலும் தவறாமல் உதிக்கும்.
இருட்டைக் காட்டினால்
உலையிலிட்ட ரவையாய்க் கொதிக்கும் படம்.
பேட்டரி நாற்பது நிமிஷம்,
திபிலிசியின் ஜனவரியில் இருபது.

பழையதைத் தந்தால் எவ்வளவு கழிப்பாய் என்றேன்.
கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத்
தேநீர் போடட்டுமா என்றான்.

கருவியில் என்ன இருக்கிறது, கதைதான் முக்கியம்
என்கிறார்கள் நண்பர்கள்.
சொல்கிறவர்கள் தோளில் எல்லாம்
போன வருஷத்துக் கேமரா.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஷாட்.
மக்வாலா மெட்ரோ பெட்டிகளை இரவெல்லாம் கழுவிவிட்டு
நாலரை மணிக்கு க்ல்தானி திரும்புகிறாள்.
லிஃப்டுக்குக் காசு போட வேண்டும், போடமாட்டாள்.
ஆறு மாடி, விளக்கில்லாத படிகள்.
கதவருகே வந்ததும்
ப்ளீச் தின்ற விரல்கள் பலகைமேல் ஊர்ந்து
சாவித்துவாரத்தைத் தேடும்.
அந்தத் தேடல்.

மூன்று இரவு எடுத்தேன்.
மூன்றிலும் கறுப்பு, மூச்சிரைப்பு,
என் வெள்ளைப் புள்ளி.

மைத்துனனிடம் கடன் கேட்கலாம்,
குத்தாயிசியில் இரண்டு கல்யாண வீடியோ
எடுத்து அடைக்கலாம் என்று
கணக்குப் போட்டபடியே நடந்து
ஒரு பல்பு வாங்கினேன். பதினைந்து வாட்.
விரல் மட்டும் தெரிந்தால் போதும்.
ஆறாம் மாடியில் ஸ்டூல் போட்டு மாட்டினேன்.

நாலரைக்கு வந்தவள்
நிமிர்ந்து பார்த்தாள்.
நேராகப் போய்ச் சாவியை நுழைத்தாள்.
ஒரு வினாடிகூட ஆகவில்லை.
கதவிடுக்கில் தலை நீட்டி
"நன்றாயிருக்கிறது" என்றாள்.
பல்பைத்தான்.

மறுநாள் எதிர்வீட்டு நுக்ஸார்
ஒரு பாட்டில் ப்ளம் சாஸுடன் வந்தார்.
மூன்று வருஷமாக மகனிடம் சொல்லிப் பார்த்தாராம்.
ஐந்தாம் மாடிக்காரர்கள்
தங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்றார்கள்.

படத்துக்கு இருட்டு வேண்டும்.
அதைக் கழற்றுகிறேன் என்று
யார் கதவைத் தட்டிச் சொல்ல?
சாஸ் பாதி தீர்ந்துவிட்டது.

திங்கள்வரை யாருக்கும் விற்காமல்
எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறான் ஒதார்.
இன்று சனி.
ஐந்தாம் மாடிக்குப் பல்பு வாங்கிவிட்டேன்.
ஸ்டூலைத்தான் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.