பாதத்துக்கு அடியில்

இருபத்தெட்டாம் தேதி, விடிய மூன்று மணி.
குளச்சல் பள்ளிக்கூட வராந்தாவில்
பிஸ்கட் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தேழு. திரும்ப எண்ணினால் முப்பத்தாறு.
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள்
கொட்டில்பாட்டில் மிஞ்சினவர்கள் படுத்திருந்தார்கள்.
யாரும் உறங்கவில்லை.
விழித்திருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.
கொரற்றி மட்டும் எழுந்து வந்து
"மணி என்ன?" என்று கேட்டாள்.
சொன்னேன். போய்ப் படுத்தாள்.

அந்த நேரத்தில்தான் அது வந்திருக்கிறது.

ஏழு மாதம் கழித்து
மணல் ஆலை நூலகத்தில் படித்தேன்.
செத்துப்போன ஒரு நட்சத்திரம்.
குளச்சலில் பஸ் ஏறி
வடசேரியில் இறங்கும் தூரம்தான் குறுக்களவு.
எடையோ சூரியனை விட அதிகம்.
உள்ளே காந்தம் முறுக்கி முறுக்கி
ஒருநாள் மேலோடு விண்டது.
சூரியன் லட்சம் வருடம் செலவழிப்பதை
ஐந்தில் ஒரு நொடியில் கொட்டித் தீர்த்தது.
அப்புறம் ஆறு நிமிடம்
ஏழரை நொடிக்கு ஒரு துடிப்பு.
கடல் சாந்தமாய்க் கிடக்கும் நாளில்
ஓர் அலைக்கும் அடுத்ததற்கும்
ஏறக்குறைய அவ்வளவுதான் இடைவெளி.

தலைக்கு மேலே வரவில்லை அது.
மார்கழி. சூரியன் தனுசில்.
விண்டதும் தனுசுப் பக்கம்.
நமக்கு ராத்திரி என்றால்
இரண்டும் நம் பாதத்துக்கு அடியில்.
பசிபிக்கின் பகல் வானத்தில் அடித்து
ரேடியோ அலைகளைத் தடுமாற வைத்ததாம்.
குளச்சலுக்கு ஒரு துளி எட்டவில்லை.
குறுக்கே பூமி நின்றது,
முந்தாநாள் புரண்டு படுத்த அதே பூமி.

வெள்ளிக்கிழமை ஷிப்டில் திருப்பிக் கொடுக்க மறந்த
என் கதிர்வீச்சு பேட்ஜ்
ஞாயிறு பூசைக்கு எடுத்துப்போன பையில் கிடந்தது.
என்னோடு கால்வாய்த் தண்ணீரில் முங்கி
என்னோடு ஏறியது.
அதைச் சோதனைக்கு அனுப்பினோம்.
எங்கள் கருமணல் தினமும் எய்கிற கொஞ்சம்,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
அடியில் பேனாவால் ஒரு வரி:
நனைந்திருக்கிறது, காரணம் எழுதவும்.
எழுதக் கொடுத்த கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.

அடுத்த மார்கழியில் ஒரு ராத்திரி
வலைக்கூடத்துப் பக்கம் பனியடிமையிடம் சொன்னேன்.
வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்தவன்.
"அப்பம் அதுதான் கடலைத் தள்ளிவிட்டிருக்கு" என்றான்.
இல்லை என்றேன்.
அலை வந்து நாற்பது மணி நேரம் ஆன பிறகே
அது வந்து சேர்ந்தது.
புறப்பட்டது முப்பதாயிரம் வருடம் முன்பா,
ஐம்பதாயிரமா,
படித்தவர்களுக்கே கணக்கு ஒத்துவரவில்லை.
அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

"பின்ன அந்த வாரமே எதுக்கு வரணும் பிள்ளே?"

பதில் இல்லை என்னிடம்.
பீடியை அணைத்துவிட்டு அவனே சொன்னான்:
"கடலை ஏச முடியாது. விடிஞ்சா அதிலதான் போவணும்.
இதுன்னா ஏசலாம்."

எழுந்து நின்று
அண்ணாந்து பார்த்து ஏசத் தொடங்கினான்,
துறைமுகத்து நாய்கள் எழும்பிக் குரைக்கிற அளவுக்கு.
பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்க,
"எது? எந்தப் பக்கம்?" என்றான்.

நான் மணலைக் காட்டினேன்.