பதினேழாவது மரம்

ஆறேகாலுக்கு அடிக்கும்.
அப்போது நான் பதினேழாவது தென்னையில் இருப்பேன்,
ஒழலப்பதிக்கு மேற்கே, கேரளத்து மண்ணில்.
காலில் தளை, இடுப்பில் பெட்டி,
சட்டைப் பையில் நடுங்கும் போன்.
"குடிச்சோ?"
"இல்ல."
"செரி."
அவ்வளவுதான் செந்தாமராட்சன்,
வேலந்தாவளம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

வைத்துவிட்டுக் கலயத்தைக் கவிழ்ப்பேன்.
நுரையில் நாலு தேனீ மிதக்கும்.
மூக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?
வேறு வேலை பார் என்றார் மாமனார்.
வேறு வேலைக்கு இந்தக் கைகளைத் தெரியாது.

ஞாயிறு சாயங்காலம் டியூசன் சென்டரில் கூடுவோம்.
பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் மோவாயை இடிக்கும்.
பலகையில் அழிக்காமல் விட்ட பதிமூன்றாம் வாய்ப்பாடு.
முதல் வாரம் நான் வாயே திறக்கவில்லை.
அடுத்த வாரம்
மகளின் கொலுசை விற்றதைச் சொன்னேன்.
விற்றதைக்கூட இல்லை,
அவள் தூங்கும்போது கழற்றியதை.
ஒரு 'ச்சே' வரும் என்று காத்திருந்தேன்.
செங்கல் சூளைப் பாக்கியம்
முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.
"நானுந்தான். என்னுது மூக்குத்தி.
எங்கம்மா செத்துக் கிடக்கையில."
யாரும் யாரையும் மன்னிக்கவில்லை.
டீ வந்தது. சர்க்கரை தூக்கல்.

நூற்றுப் பதிமூன்றாம் நாள்
ஆறேகால் ஆகியும் போன் அடிக்கவில்லை.
பதினெட்டு. பத்தொன்பது.
கை பாளையைத் தட்டுகிறது, காது பைக்குள் கிடக்கிறது.
இருபதாவது மரத்தில் ஏறாமல் சைக்கிளை எடுத்தேன்.

கோரையாற்றுப் பாலத்தடியில் ஆட்டோ.
பின்சீட்டில் அவன், ஒரு கால் செருப்பில்லாமல்.
"போடா, நாறுது" என்றான்.
என்மேல் கள், அவன்மேல் பிராந்தி,
எதைச் சொன்னானோ.
சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு காலையில்
அவனும் எனக்கு எதையும் சொன்னதில்லையே.
உட்கார்ந்தேன்.
மேலே தக்காளி லாரிகள் செக்போஸ்டுக்கு வரிசை கட்டின.
வெயில் எங்கள் பாதம்வரை வந்தது.
தோப்புக்காரர் ஒன்பது தடவை கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாளெண் எழுதும்போது
சாக்கட்டியை வெகுநேரம் பிடித்திருந்தான்.
ஏழு வருசத்தைத் துடைத்த ஈரத்தில்
ஒரு மூன்று. சரியாகப் பதியவில்லை.

இப்போது ஆறேகாலுக்கு நான் அடிக்கிறேன்.
சில நாள் எடுக்க மாட்டான்.
ஒரு கையில் மட்டையைப் பற்றிக்கொண்டு
திரும்ப அடிப்பேன்.
இன்று நாலாவது தடவை எடுத்தான்.
"குடிச்சியா?"
இருமினான். பின்னால் ஆட்டோ உறுமியது.
"நீ மரத்துலயா?"
"ஆமா."
"கெட்டியாப் பிடிச்சோ."