மிஸ்டர் பி. மூட்லி

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்த முதல் உறைக்குள்
'அன்புள்ள ஐயா' என்றிருந்தது.
ஐயா நான்தான்.
அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது.

தபால்வழிக் கல்லூரி. மாதம் ஒரு கட்டுப் பாடம்.
விண்ணப்பத்தில் பெயருக்கான கோடு நீளமாகத்தான் இருந்தது.
கைதான் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது.
பாக்கியவதிக்கும் பி,
அவர் பரசுராமன், அவருக்கும் பி.
ஒரே எழுத்தைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம்,
இருவருக்கும் போதாத கம்பளி போல.

முதலியார் என்று கப்பலேறிய பெயர்
துறைமுகக் குமாஸ்தாவின் பேனாவில் இடறி
மூட்லி என்று இறங்கிற்றாம்.
பெயர் மாறுவது இந்த வீட்டுக்குப் புதிதில்லை.

நான் பெரியவளான அன்று
பள்ளிக்கூடப் பையை மாமன் ஆணியில் மாட்டினார்.
நான்காம் ஸ்டாண்டர்டு. பின்னங்களில் பாதி.
மூன்றில் ஒன்றோடு நான்கில் ஒன்றைக் கூட்டினால்
என்ன வரும் என்று
பதினோரு வருடம் யாரும் சொல்லவில்லை.
முதல் கட்டிலேயே இருந்தது: பன்னிரண்டில் ஏழு.
இவ்வளவுதானா என்று அழுகை வந்தது.

டொங்காட்டில் கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில்
சாம்பல் கொடித்துணியில் விழும்,
பிள்ளையின் பாலில் விழும்,
என் நோட்டிலும் விழும்.
தேய்த்தால் வரி முழுக்கக் கரி.
காகிதத்தைச் சாய்த்து மெல்லத் தட்ட வேண்டும்.
இதை எந்தப் பாடத்திலும் அவர்கள் அனுப்பவில்லை.

"யாருக்குடி இத்தனை கடுதாசி?" என்றாள் மாமியார்.
"உங்க மகனுக்கு."
பொய்யில்லை. உறையைப் பாருங்கள்.

மில்லில் கொதிகலன் பார்க்கிற மகனுக்கு
ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கடிதம் வருகிறதென்று
குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள்.
தேசாய் தன் கடையில் அவருக்கு நாற்காலி போட்டார்.
ஒரு மாதம் கழித்துத்தான்
அவருக்கே தெரிந்தது, தான் படிப்பது.

அன்றிரவு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நான் சுவரோரம் நின்றேன்.
"எத்தனை மார்க்கு?"
"எழுபத்தொன்று."
"நூத்துக்கா?"
"நூத்துக்கு."
விளக்கைக் குறைக்காமல் திரும்பிப் படுத்தார்.
அதை அனுமதி என்று சொல்லலாமா,
இன்றும் எனக்குத் தெரியாது.
மறுநாள் தேசாய் கடை நாற்காலியில்
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது.
தாய் படித்தால் பிள்ளைக்கு ஆகாது என்றார்கள்.
மூன்று கட்டுகள் பிரிக்காமலே கிடந்தன.
அதற்கும் ஒரு கடிதம்:
'அன்புள்ள திரு மூட்லி,
தங்கள் அலுவலகப் பளு எங்களுக்குப் புரிகிறது.'
நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே வாசித்தேன்.
சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்,
கொதிக்கிற உடம்போடு.

பாடம் தபாலில் வரும்.
பரீட்சைக்கு ஆளைத் தபாலில் அனுப்ப முடியாது.
"நான் போகட்டுமா?" என்றார் அவர்.
வேடிக்கையா என்று முகத்தைப் பார்த்தேன்.
ரயில் சத்தத்தை எண்ணி என் முந்தானையில் முடிந்துவிட்டு
ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

டர்பனில் நீள மேசைகள். மெழுகு வாசம்.
கண்காணிப்பாளர் பட்டியலை வாசித்தார்:
"மிஸ்டர் பி. மூட்லி."
யாரும் எழவில்லை.
இரண்டாம் முறையும் வாசித்தார்.
தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தேன்.
முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின.
அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மிஸ்டருக்குப் பின்னால்
ஒரு எஸ் சேர்த்தார்.
அவ்வளவுதான் அவருக்கு வேலை.

இந்த முறை முழுசாக எழுதுவதென்று
வழி நெடுக நினைத்து வந்திருந்தேன்.
பாக்கியவதி. ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து என்றுகூட
உம்லாங்கா நிலையத்தில் எண்ணிவிட்டேன்.
பேனாவைத் திறந்தபோது
"விடைத்தாளில் பெயர் கூடாது, எண் மட்டும்" என்றார்.

இருநூற்றுப் பதினாறு.

தலைப்பு மடிப்பிலிருந்து ஒரு கரித்துண்டு
தாளில் விழுந்தது.
சாய்த்துத் தட்டினேன்.