பதினேழாம் கேள்வி

விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி
இருபத்தாறு நாள் கழித்துக் கையில் கிடைத்தது.
பதினேழாம் கேள்வி:
குடிசைப் பகுதி மறுகுடியமர்வு பற்றி விவாதி.
நாலு பக்கம் எழுதியிருந்தேன்.
பத்துக்கு மூன்று.
ஓரத்தில் சிவப்பு மை:
விவரணை மட்டும்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாக உருண்டுகொண்டிருக்க
ஸ்கூட்டியின் பின்சீட்டில் அதையே பார்த்திருந்தேன்.
டெல்பின் திரும்பினாள்: "இன்னாடி தப்பாம்?"
"வினைச்சொல்."

விவரி என்றால் தண்ணி லாரி.
எத்தனை மணிக்கு, எத்தனை குடம்,
டியூபை யார் பிடிப்பது, யார் காலில் சிந்தும்.
அதைத் தூக்கத்திலும் எழுதுவேன்.
விளக்குக என்றால்
லாரி ஏன் வருகிறது, குழாய் ஏன் வரவில்லை.
அதற்கும் கொஞ்சம் தெரியும்.
வரையறு, இரண்டு மதிப்பெண்: குடும்பம்.
கார்டில் பேர் இல்லாத அத்தைமகன்,
கார்டில் மட்டும் இருக்கிற அப்பா.
இரண்டு வரிக்குள்.

விவாதிக்கு மட்டும் இரண்டு கரை வேண்டுமாம்.
ஒருபுறம். மறுபுறம். ஆயினும்.
கால்வாயோரம் புல்டோசர் வந்த அன்று
நான் இந்தக் கரையில்தான் நின்றேன்.
அந்தக் கரையில் போலீஸ் வேன் நின்றது,
அதைப் போய் நான் என்ன கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் அக்காவுக்கு போன் போட்டேன்.
எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடாத வாரம்.
காசிமேட்டு ஏலத்துக்கு
ராத்திரி இரண்டரைக்கே கிளம்புகிறாள்,
பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ நூறு கேட்கிறான்.
எழுதிக்கொண்டேன்: ஒருபுறம்.
"திரும்பி வந்துடலாம்னா வருவியாக்கா?"
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"உள்ளயே கக்கூஸுடீ.
மொத நாள் தாப்பா போட்டுட்டு
சும்மா உக்காந்துனு இருந்தேன், அரமணி நேரம்.
யாரும் கதவ தட்டல."

பேனா நின்றுவிட்டது.
மூன்று மதிப்பெண் போட்டவரை
அன்றைக்குத்தான் திட்டுவதை விட்டேன்.

நவம்பரில் அரியர்.
தண்டையார்பேட்டை சென்டர், ஜன்னலோர பெஞ்சு,
வெளியே மழை, உள்ளே மின்விசிறிச் சத்தம்.
தாளைப் புரட்டினேன்.
பதினேழாம் கேள்வி:
சமூக நகர்வு. குறிப்பு வரைக.
ஐந்து மதிப்பெண்.

அரைப்பக்கம் போதும் அதற்கு.
மேல்நோக்கியது, கீழ்நோக்கியது என்று எழுதி
எட்டாவது மாடி எதில் சேரும் என்று தெரியாமல்
கோடு போட்டு முடித்தேன்.

"அடிஷனல் ஷீட் வேணுமாம்மா?"
கேட்ட அந்த மேடத்திடம்
ஆயினும் என்றா சொல்ல முடியும்?
வேண்டாம் என்றேன்.