இருபத்தைந்தில் ஒன்று

பகலெல்லாம் ஒசூர் ரோட்டில்
இன்ஷூரன்ஸுக்காக
நொறுங்கிய பம்பர்களுக்கு விலை போடுகிறேன்.
ராத்திரி, டொம்லூர் மாடியில்,
எழுபதாம் வருஷத்து ஷெவெல்.

எட்டு பிளக்குக்கும் எட்டு ஒயர்.
ஒன்று, எட்டு, நான்கு, மூன்று,
ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு.
வெடிக்கிற வரிசை பிசகக் கூடாது.
“பானெட்டை மூடினா யாருக்குத் தெரியும்?”
ஜெசிந்தா, கொட்டாவிக்கு நடுவே.

ஜூலை ஈரத்தில்
சிவப்பு காய மாட்டேன் என்கிறது.
மூன்று நாளாக
தொடாமல் முகர்ந்து மட்டும் பார்க்கிறேன்.

இன்று காலை முன் மட்கார்டில்
ஒரு கைரேகை.
என்னுடையது இல்லை.
வீட்டில் வேறு இருப்பது ஒருத்திதான்.

உப்புத்தாளை நனைத்தேன்.
பிறகு, பழக்கதோஷம்,
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
ஒன்றரை சென்டிமீட்டர்.
இருபத்தைந்தால் பெருக்கினால்

யாரோ தெருவில் நின்ற காரில்
தோள் சாய்த்துக் காத்திருந்த அகலம்.

உப்புத்தாள்
அப்படியே காய்ந்துகொண்டிருக்கிறது.